பகைக்கு வாரிசு உண்டா?

இறந்துபோன ஒருவருக்கு இழைக்கப்பட்ட தீங்கை, உயிரோடிருக்கும் அவருடைய பிள்ளை மன்னிக்கலாமா? மார்க்கக் கல்வி போதிப்போருக்கு இது புதிய வினாவன்று. கிஸாஸ் எனப்படும் பழிக்குப்பழிச் சட்டத்தை விளக்கும் பாடத்தில் ஆண்டுதோறும் வந்து போகும். இஷாத் தொழுகைக்குப் பின் எம்மிடம் ஃபிக்ஹு ஓத வரும் நான்கைந்து மாணவர்களுக்கு அதனை விளக்கிவிட்டு, கிதாபை மூடி அலமாரியில் வைத்துவிட்டு உறங்கச் செல்வது எமது வழக்கம். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அந்த வினா கிதாபை விட்டு இறங்கி, தேசூரில் எம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து அமர்ந்துகொண்டது. அதனை அங்கே அழைத்து வந்தது ஓர் ஆங்கிலத் திரைப்படம் என்று சொன்னால், இப்பக்கங்களை நெடுங்காலமாகப் படித்துவரும் பெரியவர்களில் சிலர் புருவத்தை நெரிப்பார்கள். நெரிக்கட்டும். நாம் படக்கொட்டகைக்குப் போய் முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. ஆனால் சென்னையில் பொறியியல் படிக்கும் எம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, மடிக்கணினியைத் திண்ணையில் வைத்து, "அத்தா, இதை மட்டும் பாருங்கள், கிதாபில் உள்ள விஷயந்தான்" என்றாள். இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தோம்.

அது 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் ஆறாவது படம். 1991 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவில் வெளியானது. நிக்கலஸ் மேயர் என்பவர் இயக்கியது. இதன் முன்வரலாறு அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு விண்வெளிக் கதைத்தொடர், 79 பகுதிகள் ஓடி 1969இல் நின்றது. நின்ற பிறகுதான் அதன் புகழ் பெருகிற்று. 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம், கேப்டன் கிர்க், கூர்ங்காதுடைய ஸ்பாக், மருத்துவர் மெக்காய், மற்றும் நால்வர். இந்த எழுவரும் பத்தாண்டு கழித்து 1979இல் திரைப்படத்தில் மீண்டும் கூடினார்கள். பின்னர் 1982, 1984, 1986, 1989 என்று படங்கள் தொடர்ந்தன. எழுவரும் சேர்ந்து தோன்றிய கடைசிப் பயணம் 1991இல் வந்த இந்தப் படம். முதற் படத்தில் மொட்டைத் தலையுடன் தோன்றிய பெண்மணி பம்பாயைச் சேர்ந்த பார்சி நடிகை பெர்சிஸ் கம்பாட்டா என்பதைப் பலரும் மறந்திருப்பார்கள். 1980களில் தூர்தர்ஷன் அத்தொடரை ஒளிபரப்பியபோது, ஊரில் தொலைக்காட்சி வைத்திருந்த ஒரு வீட்டின் சன்னலோரம் நின்று இரண்டொரு முறை நாமும் பார்த்ததுண்டு. கூர்ங்காதுக்காரர் புருவத்தை உயர்த்துவது மட்டுமே நினைவில் நின்றது. ஆங்கிலம் புரியவில்லை.

அரபு ஓதியவன் என்ற முறையில் ஒரு சிறு மகிழ்ச்சியை இங்கே சொல்லிவிடுகிறோம். அந்தக் கலத்தில் செய்தித் தொடர்பைக் கவனிக்கும் கறுப்பினப் பெண்மணியின் பெயர் உஹுரா. விடுதலை என்று பொருள்படும் 'உஹுரு' என்னும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார்கள். அச்சொல்லோ, நாம் முதலாம் ஆண்டிலேயே ஓதும் 'ஹுர்ரு' என்னும் அரபுச் சொல்லின் வழித்தோன்றல். அரபு வணிகரின் பாய்மரக் கப்பலில் ஏறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்ற ஒரு சொல், அங்கிருந்து விண்வெளிக் கலத்திலும் ஏறிவிட்டது. இதே தொடரில் 'கான்' என்றும் 'சிங்' என்றும் இரண்டையும் ஒருசேரப் பெயராகத் தாங்கிய இந்திய வில்லன் ஒருவன் வருவான் என்றும், அவனாக நடித்தவர் மெக்சிகோவில் பிறந்தவர் என்றும் மகள் சொன்னாள். நம் நாட்டைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது அவ்வளவுதான் போலும்.

இனிக் கதைக்கு வருவோம். கிர்க்கின் கூட்டத்தாருக்கு நெடுநாட் பகைவர் கிளிங்கன் என்னும் இனத்தார். அவர்களுடைய ஆற்றலுக்கு ஊற்றான ஒரு நிலவு வெடித்துச் சிதறுகிறது. இன்னும் ஐம்பது ஆண்டுகளே தம் இனம் பிழைக்கும் என்ற நிலையில், அவர்களுடைய தலைவர் கோர்க்கன் சமாதானம் நாடி வருகிறார். அவரை வரவேற்று அழைத்துவரும் பணி, ஓய்வுபெற மூன்றே மாதங்கள் இருக்கும் கிர்க்கிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஏழாண்டுக்கு முந்திய படத்தில் கிர்க்கின் ஒரே மகனைக் கொன்றவர்கள் கிளிங்கன்கள்தாம். அவர்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நண்பர் ஸ்பாக் நினைவூட்டும்போது, அழியட்டும் என்று கிர்க் சீறுகிறார். அன்றிரவு தம் நாட்குறிப்பில், தம் பிள்ளையின் சாவுக்காக அவர்களை ஒருபோதும் மன்னிக்க முடியவில்லை என்று பதிந்து வைக்கிறார்.

இப்படம் எந்த நாட்களில் எடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால் உவமை தெளிவாகும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1989இல் பெர்லின் சுவர் இடிந்தது. படம் வெளிவந்து மூன்று வாரம் ஆவதற்குள் கோர்பச்சேவ் பதவி விலக, சோவியத் நாடு என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று. கோர்க்கன் என்ற பெயரில் எவருடைய பெயரின் சாயல் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அரசியல் ஒருபுறம் இருக்கட்டும். நம்மைத் தொட்டது வேறொன்று.

கோர்க்கன் கொல்லப்படுகிறார். கிர்க்கின் கலம் சுட்டது போலத் தோன்றும்படி கொலை நடக்கிறது. கிளிங்கன்கள் திருப்பிச் சுட ஆயத்தமாகிறார்கள். அந்தக் கணத்தில் கிர்க் எதிர்த்துச் சுடவில்லை, சரணடைகிறார். மருத்துவரை அழைத்துக்கொண்டு பகைவரின் கலத்துக்கே செல்கிறார். தமக்குப் பழக்கமில்லாத உடலமைப்பின் மேல் கையை வைத்து, அந்தத் தலைவரின் உயிரைக் காக்க மருத்துவர் தவிக்கிறார், முடியவில்லை. பின்னர் நீதிமன்றத்தில் கிர்க்கின் நாட்குறிப்பே அவருக்கு எதிரான சாட்சியாக ஒலிக்கிறது. அவருடைய கை செய்தது ஒன்று, நெஞ்சு எழுதி வைத்தது மற்றொன்று. நீதிமன்றம் நெஞ்சைத்தான் பிடித்துக்கொண்டது.

கொன்றவர் யார் என்று தேடிப் போனால் அங்கே ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இரு தரப்பிலும் சமாதானத்தை அஞ்சியவர்கள் இரகசியமாகக் கைகோத்திருக்கிறார்கள். எவருடன் சமாதானம் கூடாது என்று மேடையில் முழங்கினார்களோ அவர்களுடனேயே சதியில் மிக இணக்கமாக வேலை செய்திருக்கிறார்கள். ஜமாஅத்துத் தகராறுகளைப் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு இது வியப்பாயிராது.

இத்தொடரைப் படைத்த ஜீன் ராடன்பரி, படத்தில் கிர்க்கின் கூட்டத்தார் இப்படி வெறுப்பைச் சுமப்பதை விரும்பவில்லை. இருபத்து மூன்றாம் நூற்றாண்டு மனிதன் இத்தகைய இழிகுணங்களைக் கடந்தவனாயிருப்பான் என்பது அவருடைய கொள்கை. படத்தைப் பார்த்த சில நாட்களில், 1991 அக்டோபர் 24 அன்று அவர் காலமானார். அன்னவருடைய நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆயினும் இயக்குநர் பக்கமே உண்மை இருப்பதாக எமக்குத் தோன்றுகிறது. பகை இல்லாத மனிதன் சமாதானம் செய்வதில் என்ன இருக்கிறது? நோன்பின் சிறப்பே பசி உள்ளவனுக்குத்தான்.

கொலைக்குப் பின் கோர்க்கனின் மகள் அஸெட்பர் தலைமை ஏற்கிறாள். தளபதிகள் போர் தொடுக்கச் சொல்கிறார்கள். தந்தையின் இரத்தம் உலரவில்லை. அவளோ விசாரணை நடக்கட்டும், சமாதான மாநாடும் நடக்கட்டும் என்கிறாள். மகனை இழந்த ஒரு தந்தையும், தந்தையை இழந்த ஒரு மகளும் படத்தின் முடிவில் எதிரெதிரே நிற்கிறார்கள். தன் தந்தையின் நம்பிக்கையை நீ மீட்டாய் என்று அவளும், என் மகனின் நம்பிக்கையை நீ மீட்டாய் என்று அவரும் சொல்லிக்கொள்கிறார்கள். மகள் அந்த இடத்தில் படத்தை நிறுத்தினாள். "அத்தா, செத்தவர்களுக்காக இவர்கள் மன்னிக்கலாமா? சட்டம் என்ன?" என்று கேட்டாள்.

கொலையில் சட்டம் தெளிவானது. கொல்லப்பட்டவருடைய வாரிசுக்கு மூன்று வழிகள் உண்டு. பழி கேட்கலாம், ஈட்டுத்தொகை பெறலாம், மன்னித்தும் விடலாம். மன்னிப்பதையே மறை விரும்புகிறது. பழி கேட்பவனும் வரம்பு மீறலாகாது என்று எச்சரிக்கிறது. ஆகவே கிர்க்கும் அஸெட்பரும் உரிமையுடையவர்களே. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். முடியவில்லை. அந்த வாரத்தில் நாமே ஒரு பகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எம் அத்தா கூலி நெசவாளர். ஆரணிப் பட்டு என்று உலகம் அறிந்த சேலைகளை நெய்யும் எத்தனையோ குழித்தறிகளில் ஒன்று எம் வீட்டிலும் இருந்தது. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்து கொண்டுபோனால் சேலையையும் எஞ்சிய நூலையும் மீண்டும் எடை போடுவார். 1978ஆம் ஆண்டு சித்திரை மாதம், எமக்குப் பத்து வயது. மூன்று சேலைப் பாவை முடித்துக் கொண்டுபோன அத்தாவின் கணக்கில் ஐம்பது கிராம் குறைந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைவதற்கு முன், பள்ளிவாசல் வாயிலில், பட்டுத் திருடன் என்று அந்த முதலாளி எல்லோரும் கேட்கச் சொன்னார். அவரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே. வெயில் காலத்தில் பட்டு எடை குறையும் முதலாளி என்று அத்தா சொன்னார். எவரும் கேட்கவில்லை.

அத்தா சொன்னது மெய். பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பொருள். நூறு பங்கு உலர்ந்த பட்டுக்குப் பதினொரு பங்கு ஈரம் என்பது பட்டு வணிகம் ஒப்புக்கொண்ட கணக்கு. மழை நாளில் கொடுத்த நூலைச் சித்திரை வெயிலில் நிறுத்தால் ஒன்றரைக் கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைவதில் விந்தை இல்லை. இந்தத் தகராறைத் தீர்ப்பதற்கென்றே பிரான்ஸின் லியோன் நகரில் 1805லேயே, பட்டின் ஈரத்தைச் சோதித்து எடைச் சான்று கொடுக்கும் பொது நிலையம் ஒன்றை அரசு ஏற்படுத்திவிட்டது. தேசூரில் அத்தாவுக்குச் சான்று கொடுக்க யாருமில்லை. வேறு முதலாளிகளும் பாவு கொடுக்கவில்லை. தறியைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, சந்தை சந்தையாக வெங்காயம் விற்றார். 1996இல் மௌத்தானார். அந்த முதலாளி அவருக்கு முன்பே போய்விட்டார்.

எம்மை மக்தபில் சில பிள்ளைகள் ஐம்பது கிராம் என்று அழைத்தார்கள். அது நெடுநாள் நீடித்தது.

பின்னர் நாம் வேலூருக்கு ஓதச் சென்றதும், ஊர் திரும்பி அதே மக்தபில் ஆசிரியரானதும், முப்பது ஆண்டு ஓதிக்கொடுத்ததும் விரிவாகச் சொல்லத் தக்கவை அல்ல. கண்பார்வை மங்கி வருவதால் மாலை மக்தபை விட்டுவிட எண்ணினோம். எமக்குப் பின் யார் என்ற பேச்சு எழுந்தபோது, வேலூரிலேயே ஓதிப் பட்டம் பெற்று வந்திருந்த இளைஞர் ஒருவரை ஜமாஅத்தார் முன்மொழிந்தார்கள். அவர் அந்த முதலாளியின் பேரன். முத்தவல்லியிடம் நாம் சொன்ன வார்த்தை இது: "அந்த வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதைவிட மக்தபை மூடிவிடலாம்." முப்பது ஆண்டு மன்னிப்பைப் பற்றிப் பயான் செய்த வாய் அது.

கிர்க்கின் நாட்குறிப்பு நீதிமன்றத்தில் ஒலித்தது போல அந்த வாக்கியமும் ஊருக்குள் ஒலித்துவிட்டது. அந்த இளைஞர் ஒரு நாள் அஸருக்குப் பின் எம் வீட்டுக்கு வந்தார். "அஸ்ரத், நான் செய்த பிழை என்னவென்று சொன்னால் திருத்திக்கொள்வேன்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பிறப்பதற்கு இருபது ஆண்டுக்கு முந்திய சித்திரை வெயிலை அவர் எப்படி அறிவார்? மழை வருகிறது, குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினோம். படம் பார்த்தது அதற்கடுத்த இரவு.

மகளின் கேள்விக்குத் திரும்புவோம். கொலைக்குச் சொன்ன சட்டம் எம் அத்தாவின் வழக்குக்குப் பொருந்தாது. உயிருக்கும் உடைமைக்கும் வாரிசு உண்டு. மானத்துக்கு உண்டா? விபச்சாரப் பழி சுமத்தப்பட்டவர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோனால், தண்டனை கோரும் உரிமை வாரிசுக்குச் சேரும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. சேராது என்பது நம் ஹனஃபி மத்ஹபின் நிலை. திருட்டுப் பழிக்கு வரையறுத்த தண்டனை கிடையாது. நீதிபதி கண்டிக்கலாம், அவ்வளவே. புறம் பேசப்பட்டவர் இறந்துவிட்டால், பேசியவர் அவருக்காக மிகுதியாகப் பாவமன்னிப்புத் தேடி, பிரார்த்தித்து, நற்செயல்கள் புரியட்டும் என்பார் இமாம் கஸ்ஸாலி. வாரிசின் வீட்டுக்குப் போய் மன்னிப்பு வாங்கிவா என்று சொல்லவில்லை. வாங்கினாலும் செல்லாது போலும். ஒருவருடைய மானம் அவருக்கே உரியது. அதன் கணக்கு மஹ்ஷரில் அவர் முன்னிலையிலேயே தீர்க்கப்படும்.

இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எமக்கு நாக்கு உலர்ந்தது. அத்தாவின் பெயரால் மன்னிக்கும் அதிகாரம் எமக்கு இல்லையென்றால், அத்தாவின் பெயரால் வெறுக்கும் அதிகாரம் மட்டும் எங்கிருந்து வந்தது? நாற்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக அவருடைய வழக்கறிஞராக நின்றோமே, அவர் எமக்கு வக்காலத்துக் கொடுத்தாரா? எண்ணிப் பார்த்தால் அத்தா ஒரு நாளும் அந்த முதலாளியைத் திட்டியதில்லை. அவர் மௌத்தான அன்று ஜனாஸாவுக்குப் போய் நின்றார். கடைசி வரிசையில் நின்றார் என்பதும் நினைவிருக்கிறது. ஐம்பது கிராம் என்று அழைக்கப்பட்ட பத்து வயதுப் பிள்ளையின் வலி மட்டுமே எமது சொந்த உடைமை. அந்தச் சிறு வலியை அத்தாவின் பெரிய மானத்துக்குள் வைத்து மூடி, வாரிசுச் சொத்து என்று பெயரிட்டு வளர்த்திருக்கிறோம். சிறியதை மன்னிக்க எமக்கு முழு உரிமை இருந்தது. அதனால்தான் அதைப் பெரியதாக்கிக் கொண்டோம் போலும்.

சரி, உரிமை தெளிந்தது. நெஞ்சு? சட்டம் தெளிந்தவுடன் நெஞ்சும் தெளியும் என்றால் உலமாக்கள் எல்லோரும் இறைநேசர்களாகியிருப்பார்கள். இங்கேதான் ஹம்ஸா (ரலி) அவர்களின் வரலாறு எமக்குக் கை கொடுத்தது. பத்ருப் போரில் தம் சிறிய தந்தை கொல்லப்பட்டதற்குப் பழியாக ஹம்ஸாவைக் கொன்றால் உனக்கு விடுதலை என்று ஜுபைர் இப்னு முத்இம் தம் அடிமை வஹ்ஷிக்கு வாக்களித்தார். வஹ்ஷி உஹதில் ஈட்டி எறிந்து விடுதலை பெற்றார். இது ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு நடந்தது. வாரிசுப் பகையிலிருந்து பிறந்த கொலை அது என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கா வெற்றிக்குப் பின் வஹ்ஷி இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எந்தப் பழியும் வாங்கவில்லை. ஆனால் உம்முடைய முகத்தை எம்மிடமிருந்து மறைத்துக்கொள்ள இயலுமா என்று மட்டும் கேட்டார்கள். இந்த ஹதீஸை ஓதும் மாணவர்கள் சிலர், இது முழு மன்னிப்புத்தானா என்று கேட்பதுண்டு. முழு மன்னிப்புத்தான். கைக்கு உரியதை முழுதாகக் கொடுத்துவிட்டார்கள். கண்ணுக்கு உள்ள துயரத்தை இல்லையென்று நடிக்கவில்லை.

ஹுதைபிய்யா உடன்படிக்கையையும் இதனோடு சேர்த்து நினைக்கலாம். அந்த நாளில் உமர் (ரலி) அவர்களின் நெஞ்சு அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. அதை வெளிப்படையாகவே கேட்டார்கள். ஆயினும் பத்திரத்தில் சாட்சியாக அவர்கள் பெயரும் இருக்கிறது. அன்று பேசிய பேச்சுக்குப் பரிகாரமாகப் பின்னர் நெடுநாள் நோன்பும் தொழுகையும் தருமமும் செய்துவந்தார்கள். கை முன்னே சென்றது. நெஞ்சு பின்னே வந்தது. கிர்க்கும் அப்படித்தான். மன்னிக்க முடியவில்லை என்று எழுதிய அதே மனிதர்தாம் போரைத் தடுக்கத் தம்மையே ஒப்படைத்தார். நீதிமன்றம் நாட்குறிப்பைக் கேட்டது. அல்லாஹ் இரண்டையும் அறிவான்.

படத்தின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டறியப்படாத நாடு என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்திலிருந்து எடுத்தது. அங்கே அது மரணத்தைக் குறிக்கிறது. படத்தில் கோர்க்கன் அதனை எதிர்காலம் என்று மாற்றிப் பொருள் கொள்கிறார். பிழையான பொருள் என்று விருந்தில் யாரும் திருத்தவில்லை. எமக்கு அது பிழையாகத் தோன்றவும் இல்லை. 'ஆகிரத்' என்னும் சொல்லுக்கு மூலப்பொருள் பின்னால் வருவது என்பதுதானே. மரணத்துக்கு அப்பாலுள்ளதும் நாளை வருவதும் அரபியில் ஒரே வேரில் முளைத்தவை. அங்கே அத்தாவும் முதலாளியும் தம் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வார்கள். நாளை மாலை மக்தபைத் திறப்பது யார் என்பது மட்டுமே எம்மிடம் இருந்த கேள்வி.

படம் முடியும்போது, கலத்தைத் துறைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்குமாறு ஆணை வருகிறது. கிர்க் இறுதிக் குறிப்பில், கலமும் அதன் வரலாறும் இனி வேறொரு தலைமுறையின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு விண்மீனை நோக்கிச் செலுத்தச் சொல்கிறார். பின்னர் எழுவருடைய கையொப்பங்களும் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றுகின்றன. கிர்க்காக நடித்தவரும் வேறு இருவரும் 1994இல் மற்றொரு படத்தில் வந்தார்கள் என்றாலும் எழுவரும் கூடியது அத்துடன் முடிந்தது. மெக்காயாக நடித்தவர் 1999இலும், பொறியாளராக நடித்தவர் 2005இலும், ஸ்பாக் 2015இலும், உஹுரா 2022இலும் மறைந்தார்கள். அந்தப் பொறியாளர், ஜேம்ஸ் டூஹன், இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் இறங்கிய நாளில் ஒரு விரலை இழந்தவர். படங்களில் அக்கையை மறைத்தே நடித்தாராம்.

கையொப்பங்களைக் கண்டபோது, வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் எமக்குக் கொடுத்த சனது நினைவுக்கு வந்தது. அதிலும் கையொப்பங்கள் உண்டு. ஆசிரியருக்கு அவர் ஆசிரியர், அவருக்கு அவர் ஆசிரியர் என்று தொடரும் சங்கிலி அது. அந்தச் சங்கிலியில் எவரும் இவன் யாருடைய பேரன் என்று கேட்டதாகக் காணோம். கேட்டிருந்தால் எம் போன்ற கூலி நெசவாளியின் பிள்ளைக்கு அங்கே இடமேது? நம் உமறுப்புலவரே சீறாப்புராணத்தை நபிபெருமானாரின் இறுதி ஹஜ்ஜு வரை கொண்டுசெல்லவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு காப்பியம் நின்றுபோயிற்று. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் என்னும் வேறொரு புலவர் 'சின்னச் சீறா' என்று பாடி முடித்தார். பாவு தீர்ந்த தறியில் புதுப்பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பது நெசவாளர் வழக்கம். அத்தா அந்த வேலையை இரவு விளக்கில் செய்வார், ஆயிரக்கணக்கான நுனிகள். ஒன்றை விட்டாலும் துணியில் கோடு விழும்.

அடுத்த வியாழக்கிழமை அந்த இளைஞரை வரவழைத்தோம். பிழை உம்முடையது அல்ல என்றோம். பட்டு எடையைப் பற்றியும் சொல்லிவிட்டோம். சொல்லாமல் விட்டால் அவரும் வேறு எவர் வாயிலாகவேனும் கேட்டு, அவர் பங்குக்கு ஒரு பகையைச் சுமக்க நேரும். அவர் தலைகுனிந்து கேட்டார். பாட்டனார் சார்பில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். அது உம்மாலும் ஆகாது, எம்மாலும் ஆகாது என்று ஃபிக்ஹைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டார். எமக்கும் சிரிப்பு வந்தது. எம் பங்கு ஐம்பது கிராமை மட்டும் விட்டுக்கொடுத்தோம் என்று சொல்லி, வருகைப் பதிவேட்டையும் சாவியையும் கொடுத்தோம். கொடுக்கும்போது கை நடுங்கியது உண்மை. முகத்தைச் சில நாட்கள் நேராகப் பார்க்க முடியவில்லை என்பதும் உண்மை.

முதல் நாள் மாலை நாம் மக்தபின் பின்வரிசையில், பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருந்தோம். குரல் நன்றாக இருந்தது. எழுத்துகளைக் கரும்பலகையில் எழுதும் கை எம்முடையதைவிட அழகு. 'ளாது' எழுத்தை உச்சரிக்கும்போது மட்டும் நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லைத் தொடவில்லை. பிள்ளைகள் முன் சொல்ல வேண்டாமென்று அன்று பேசாமல் இருந்தோம். மறுநாள் அஸருக்கு முன் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, சொன்னோம். மூன்று முறை சொல்லிக் காட்டினார். மூன்றாவது முறை சரியாக இருந்தது.